ஷெட்யூலை ஒரு மெயிலில் மாற்றுகிறவர்களுக்கு

வாகன ஆலைகளின் கொள்முதல் பிரிவுத் தலைவர்களுக்கு வணக்கம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஏழு சிஎன்சி (கணினி இயக்கும்) மெஷின் வைத்து ஷாஃப்டும் (சுழல் தண்டு) புஷ்ஷும் (தண்டு உட்காரும் உலோக வளையம்) கடைந்து கொடுக்கிறேன். உங்களுக்கு நேரடியாக அல்ல. உங்கள் முதல் அடுக்கு சப்ளையருக்கு.

மாதம் பிறந்ததும், எத்தனை வேண்டும் என்று சொல்லும் ஷெட்யூல் வருகிறது. இருபதாம் தேதி வாக்கில் அதைக் குறைத்து ஒரு மெயில் வருகிறது. கம்பி வாங்கி, வெட்டி, கடைந்து, ஹீட் ட்ரீட்மென்ட் போய்த் திரும்ப எனக்கு ஐந்து வாரம் ஆகும். அதனால் ஷெட்யூலுக்குக் காத்திராமல் முன்பே தொடங்கிவிடுகிறேன். மெயில் வரும்போது சரக்கு முடிந்து ரேக்கில் இருக்கும்.

நீங்கள் ஆயிரத்தில் ஐம்பது வண்டியைக் குறைத்தால், முதல் அடுக்குக்காரர் தன் கையிருப்பையும் கழித்து எனக்கு இருநூறைக் குறைக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த வாரம் நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று அவருக்கும் தெரியாது. பிடி லேசாக அசைந்தாலே சாட்டையின் நுனி சுழன்று அடிக்கும். அந்த நுனியில்தான் நாங்கள் இருக்கிறோம்.

போன மழைக்காலத்தில் பதினோரு பெட்டி புஷ் தேங்கியது. எண்ணெய் தடவி, துருத்தடுப்புத் தாளில் சுற்றித்தான் வைத்திருந்தோம். பிரித்துப் பார்த்தால் உள்விட்டத்தில் கடுகளவு செம்புள்ளிகள். இரண்டு பெண்கள் நான்கு நாள் உட்கார்ந்து தேய்த்தார்கள். அப்படியும் இரண்டு பெட்டி ரிஜெக்ட். பணம் கொடுக்க 2006 சிறுதொழில் சட்டம் சொல்லும் 45 நாள் கெடுகூட சரக்கை ஏற்றுக்கொண்ட பிறகுதானே ஓடத் தொடங்கும்? என் ரேக்கில் கிடப்பதற்குக் கெடுவே இல்லை, வட்டி மட்டும் உண்டு.

குறைந்த கையிருப்பில் ஓட்டுவதற்கு, பயிற்சி வகுப்புகளில் டொயோட்டாவின் முறையைக் காட்டுகிறீர்கள். சரி. அந்த முறையின் அடித்தளம் ஹெய்ஜுன்கா, அதாவது உற்பத்தியை நாளுக்கு நாள் சமமாகப் பிரித்து ஓட்டுவது. அதை விட்டுவிட்டுக் குறைந்த கையிருப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், உங்கள் கிடங்கில் இருந்தது என் ஷெட்டுக்கு வருகிறது, அவ்வளவுதான். அதே டொயோட்டா 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு, சிப்புகளை இரண்டு முதல் ஆறு மாதத்துக்கு இருப்பு வைக்கச் சப்ளையர்களிடம் கேட்டது. எதை எவ்வளவு வைப்பது என்று முன்கூட்டியே பேசி முடிவெடுத்தார்கள்.

நாங்களும் அதைத்தான் கேட்கிறோம். எப்போது மாற்றினாலும் அடுத்த இரண்டு வார ஷெட்யூலைத் தொடாதீர்கள். அதற்குப் பிந்தையது மாறினால், மாறும் அன்றே எங்களைப் போன்ற இரண்டாம் அடுக்குக்கும் தெரியட்டும். அப்புறம், குறைக்கிற நாளில் முடித்து வைத்திருக்கும் சரக்கை எடுத்துக்கொண்டு பில் போட விடுங்கள். வரும் மாத ஷெட்யூலிலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
இரண்டாம் அடுக்கு சப்ளையர் ஒருவர்,
அம்பத்தூர்