செங்கோட்டை லைன் உன் ரூமுக்குள்ள வந்துட்டு

ஏட்டி,

போன்ல சொல்ல ஆரம்பிச்சா பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங் இருக்கு"ன்னு வச்சிருத, அதனால நிதானமா உக்காந்து டைப் பண்ணுதேன், நீயும் ஆபீஸ் போற வழியில ட்ரெயின்ல நிதானமா படி. மொதல்ல விஷயத்த சொல்லிருதேன். மச்சுல உள்ள உன் ரூம மாடல் ரயில் போட நான் எடுத்துக்கிட்டேன். உன் கட்டில் இப்போ தார்சால கெடக்கு, மத்தியானம் உங்க அப்பா அதுலதான் தூங்குதாவ. உன் புஸ்தகமெல்லாம் பெட்டியில கட்டி பத்திரமா இருக்கு, ஒண்ணையும் பழைய பேப்பர்காரன்ட்ட போடல, பயப்படாத.

நீ அன்னைக்கு சொன்னல்லா, "இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம், அவ்வளவு ஆசையா இருந்தா இங்கேருந்து ரெடிமேட் செட்டு ஒண்ணு வாங்கி அனுப்புதேன், வட்டமா ஓடும், பிளக்க சொருகினா போதும்"னு, அதுக்குத்தான் இந்த லெட்டரே. வட்டமா ஓடுற ரயில் எனக்கு வேண்டாம் மக்கா. எனக்கு வேண்டியது செங்கோட்டை லைன். பகவதிபுரம் ஸ்டேஷன்ல தண்ணி பிடிச்சிட்டு பின்னால ஒரு என்ஜின் கோத்துக்கிட்டு மலை ஏறுமே, அந்த பழைய மீட்டர் கேஜ் லைன், ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல ஒரு மீட்டர்தான். 1904ல கொல்லம் வரைக்கும் போட்ட லைன், 2010 செப்டம்பர்ல செங்கோட்டைக்கு அந்தப்பக்கம் மலையில மீட்டர் கேஜ நிப்பாட்டி, 2018ல அகலப்பாதையா திரும்ப விட்டாவ. இப்போ ஓடுறதும் நல்ல வண்டிதான், நான் கொற சொல்லல, ஆனா நான் செய்யப்போறது பழசு.

ரூம்ல ரெண்டு சுவர ஒட்டி எல் மாதிரி மேசை அடிச்சிருக்கு. நீளப் பக்கம் 12 அடி, குட்டைப் பக்கம் 8 அடி, அகலம் ரெண்டடிக்கு கொஞ்சம் கூட. அதுக்கு மேல அகலம் வச்சா சுவர் ஓரம் கவுந்த வண்டிய எடுக்க கை எட்டாது. ஜன்னல் பக்கம் மட்டும் விட்டிருக்கோம், வெயில் நேரா அடிச்சா தண்டவாளம் நீண்டு வளைஞ்சிருமாம், எப்படியும் ஒவ்வொரு ஜாய்ன்ட்லயும் போஸ்ட் கார்டு தண்டிக்கு ஒரு இடைவெளி விட்டுத்தான் போட்டிருக்கு, நம்மூர் சித்திர வெயில் உனக்கு தெரியும்லா.

"விட்டிருக்கோம்"னு பேசுதாளே, கூட யாரு யாருன்னு கேப்ப. சொல்லுதேன். கல்லிடை சார் ஒருத்தர், பள்ளிக்கூட வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவ, வீட்டுல சின்ன அளவுல ஒரு லேஅவுட் ஏற்கெனவே வச்சிருக்காவ, புனேல ஜோஷிங்கவர் 1998ல தொறந்த மினியேச்சர் ரயில்வே மியூசியத்த போய் பாத்துட்டு வந்ததுல இருந்து பிடிச்ச கிறுக்கு. பேட்டை அண்ணாச்சி, ரயில்வேல பயர்மேனா சேந்து வைபிங்க நீராவி என்ஜின்ல கரி அள்ளிப் போட்டு, பொறவு டீசல் ஓட்டி ரிடையர் ஆனவ. பாளையங்கோட்டை தம்பி, இன்ஜினியரிங் படிக்கான், அவன்ட்ட 3டி பிரின்டர் இருக்கு. அப்புறம் நம்ம அம்பையிலயே மரச்சொப்பு கடையுற கடைசல் பட்டற அண்ணாச்சி, அவியளுக்கு ரயில் மேல ஒரு ஆசையும் கெடையாது, நாங்க தந்தி கம்பம் கேட்டு போனோம், என்ன ஏதுன்னு பாக்க வந்தாவ, இப்போ ஞாயித்துக்கிழமை ஆனா மொத ஆளா வந்து நிக்காவ. உங்க அப்பாவுக்கு டீ போடுற டியூட்டி. மொணங்கிக்கிட்டே போடுதாவ, ஆனா வண்டி ஓடும்போது மட்டும் படியேறி வந்து பெட்டிய எண்ணிட்டு போவாவ.

மொத சண்டை அளவுல. சார் வீட்டுல உள்ளது 9 மில்லி அகலத் தண்டவாளம், எடம் கொறச்சலா பிடிக்கும், அதையே நீங்களும் போடுங்கன்னாவ. நான் கணக்கு போட்டு பாத்தேன். ஹெச்ஓன்னு சொல்ற அளவு நெசத்துல 87ல ஒரு பங்கு. அகலப்பாதை 1676 மில்லி, அத 87ஆல வகுத்தா 19 சொச்சம் வருது, ஆனா கடையில கெடைக்க ஹெச்ஓ தண்டவாளம் பதினாறரை மில்லிதான், அதனால நம்ம அகலப்பாதை வண்டிய மாடல் செய்றவங்க எல்லாம் ஒல்லித் தண்டவாளத்துல குண்டு வண்டிய ஓட்டிக்கிட்டு திரியுதாவ. மீட்டர் கேஜ் அப்படி இல்ல பாத்துக்க. 1000 மில்லிய 87ஆல வகுத்தா பதினொண்ணரை. 12 மில்லி தண்டவாளம் ரெடியாவே விக்குது. ஏன் விக்குதுன்னா ஸ்விட்சர்லாந்துல மலைக்குள்ள ஓடுற ரேட்டியன் ரயில்வே நம்ம செங்கோட்டை லைன் மாதிரியே சரியா ஒரு மீட்டர் கேஜ், அந்த ஊர் வண்டிய மாடல் பண்ண ஐரோப்பா பூரா ஆள் இருக்கு, அவனுகளுக்காக செஞ்சத நம்ம எடுத்துக்கிடலாம். இத சொன்னதும் சார் வாயடைச்சு போயிட்டாவ, பொறவு அவியளே லேஅவுட் பிளான் வரைஞ்சு கொடுத்தாவ, பெரிய மனசு.

ரெண்டாவது சண்டை பாலத்துல. கழுதுருட்டிக்கு பக்கத்துல ரோட்டுல போகும்போதே தெரியுமே, பதிமூணு கண் பாலம், கொல்லம் போகயில பஸ் ஜன்னல்ல நீ எண்ணிக்கிட்டே வருவ. மாடல்ல ஒரு கிலோமீட்டர்ங்கது பதினொண்ணரை மீட்டர் ஆயிரும், அதனால யாரும் எதையும் முழுசா செய்ய முடியாது, ஸ்டேஷன சுருக்கணும், ஊர சுருக்கணும், ஆரியங்காவு குகை அம்புட்டு நீளம், அத அளவுக்கு செஞ்சா இந்த மேசையே பத்தாது, அதனால ரெண்டு பக்கமும் வாய் மட்டும்தான். பாலத்தையும் சுருக்கி ஏழு கண்ணு போடுவோம்னு சார் சொல்ல, பேட்டை அண்ணாச்சி எந்திரிச்சிட்டாவ. "ஏழு கண்ணுன்னா அது வேற பாலம்லா, அதுக்கு எதுக்கு நான் வரணும்"னு கேக்காவ. நெசமான பாலம் நூறு மீட்டர் சொச்சம், 87ஆல வகுத்தா நாலடிக்கு உள்ள அடங்கிருது. சுருக்கவே வேண்டாம். பதிமூணும் இருக்கு. போம் போர்டுல கண்ண வெட்டி, மேல பட்டி பூசி, காயுறதுக்குள்ள ஊசியால கல்லு கல்லா கீறணும், அந்த வேலைய நானும் கடைசல் அண்ணாச்சியும் செஞ்சோம். அவிய கை சுத்தம் எனக்கு வராது.

வயரிங் மட்டும் யாரையும் தொட விடல. தம்பி வந்த அன்னைக்கு எல்லாத்துக்கும் ஒரே செவப்பு வயர இழுத்துக்கிட்டு இருந்தான், டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல, ஊர் வயரெல்லாம் வந்து சேருற எம்டிஎஃப் முன்னால நின்னு காலத்த ஓட்டுனவளுக்கு பாக்க பொறுக்குமா. எல்லாத்தையும் உருவிப் போடச் சொல்லிட்டேன். நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், ஸ்லேட்டு, எங்க கேபிள் வரிசைதான் இங்கயும். மேசைக்கு அடியில தண்டியான ரெண்டு வயரு நெடுக ஓடுது, அதுல இருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனித்தனியா மெல்லிசு வயரு மேல போய் சால்டர் ஆகுது. ஜாய்ன்ட் தகட நம்பி கரண்ட விட்டா நாலு துண்டு தாண்டுறதுக்குள்ள வண்டி தூங்கி வழியும். எக்ஸ்சேஞ்சுல 48 வோல்ட்டு, இங்க அத விட கம்மி, பயமே இல்ல. எங்க எது போகுதுன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன், பாளையங்கோட்டை தம்பி அந்த நோட்ட போட்டோ எடுத்துட்டு போனான், காலேஜ்ல காட்டணுமாம்.

என்ஜின் கததான் பெருசு. நம்ம வைபியும், ஒய்டிஎம்4ங்க டீசலும் இந்த அளவுல கடையில கெடைக்காது. ஜப்பான்காரன் 12 மில்லில டீசல் என்ஜின் செய்தான், அதோட அடிப்பாகத்த வச்சு, மேல உடம்ப தம்பி பிரின்ட் போட்டான். அச்சு அசலா ஒய்டிஎம்4 மாதிரியே இருக்கு, பெயின்ட் அடிச்சு கொண்டு வந்து வச்சா, அண்ணாச்சி குனிஞ்சு ஒரு பார்வதான் பாத்தாவ, "தம்பி, நம்ம வண்டிக்கு அடியில உள்ள ஒவ்வொரு சக்கரச் சட்டத்துக்கும், அந்த போகிக்கு, மூணு அச்சு, இதுல ரெண்டுதான இருக்கு"ன்னாவ. தம்பி மொகம் சுருங்கிட்டு. இப்போ போகிக்கு வெளிப்பக்கத்துல மூணு அச்சு தெரியுற மாதிரி ஒரு மூடி பிரின்ட் போட்டிருக்கான், நடுவுல உள்ளது பொய் அச்சு, உருளாது, தரையில உக்காந்து டார்ச் அடிச்சு பாத்தாத்தான் தெரியும்.

ஏத்தம் 100 சென்டிமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வச்சிருக்கோம். கேக்க கொஞ்சமா இருக்கு, ஆனா வளைவோட சேத்து ஆறு பெட்டிய ஒத்த என்ஜின் இழுக்காது, சக்கரம் அங்கனயே சுத்தும். அப்போ அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம், "அதுக்குத்தான பேங்கர் வச்சோம்"னு. பின்னால ஒரு என்ஜின கோத்தோம். கோத்தா பின்னால உள்ளது ஒரு நூல் வேகமா ஓடுது போல, வளைவுல நடுப் பெட்டி ரெண்டும் தூக்கி பள்ளத்துல விழுந்துட்டு. நெசத்துல ரெண்டு டிரைவரும் விசில்ல பேசிக்கிடுவாவளாம், முன்னால உள்ளவர் ஊதுனா பின்னால உள்ளவர் பதிலுக்கு ஊதிட்டு ரெகுலேட்டர தொறப்பாவ, ரெண்டு பேருக்கும் மொகம் தெரியாது, சாரல்ல எதுவுமே தெரியாது, சத்தம் மட்டுந்தான். அண்ணாச்சி இத சொல்லும்போது ஊதிக்காட்டுனாவ, பக்கத்து வீட்டு நாயி கொலைச்சிட்டு. இங்க விசிலுக்கு பதிலா டிசிசி. தண்டவாளத்துல எப்பவும் கரண்ட் இருக்கும், அதுலயே உத்தரவும் போகும், ஒவ்வொரு என்ஜினுக்குள்ளயும் ஒரு டிகோடர், அதுக்கு ஒரு நம்பரு. தம்பி ரெண்டு என்ஜினையும் பெட்டி இல்லாம முன்னும் பின்னுமா ஓடவிட்டு, ஒண்ண ஒண்ணு பிடிக்கவும் செய்யாம விலகவும் செய்யாம வர்ற வரைக்கும் டிகோடர்ல வேகத்துக்கு உள்ள நம்பர மாத்தி மாத்தி சரி பண்ணுனான். ராத்திரி ஒம்பது மணி பஸ்ஸ விட்டுட்டு இங்கனயே தார்சால படுத்துக்கிட்டான், உன் கட்டில்லதான்.

எந்த வருஷம்னு மட்டும் இன்னும் முடிவாகல. அண்ணாச்சிக்கு நீராவி, தம்பிக்கு டீசல். இப்போதைக்கு காலையில வைபி, மத்தியானம் டீசல்னு பேசி வச்சிருக்கோம், ரெண்டும் ஒண்ணா லைன்ல நிக்கக்கூடாது. வைபி இன்னும் பிறக்கவே இல்லங்கது வேற விஷயம்.

இனி மண்ணு. தண்டவாளத்துக்கு அடியில போட ஜல்லி வேணும்லா, தாமிரபரணி மணல சலிச்சு போடுவோம்னு சொன்னதும் நான் காந்தத்த கொண்டு வாங்கன்னேன். ஆத்து மணல்ல கருப்பு கருப்பா பொடி இருக்கும் பாரு, காந்தத்த விட்டா பூரா மீச மாதிரி ஒட்டிக்கிட்டு வருது. அது என்ஜின் மோட்டாருக்குள்ள போச்சுன்னா அம்புட்டுதான், உள்ள இருக்கதும் காந்தம்லா. கடைசியில கருங்கல் கிரஷர் பொடியத்தான் சலிச்சு போட்டோம், அதுலயும் காந்தத்த ஓட்டிட்டுத்தான். பிரஷ்ஷால ஒதுக்கி, மேல தண்ணி தெளிச்சு, பெவிகால தண்ணியில கரைச்சு, பாத்திரம் கழுவுற லிக்விட் ஒரு சொட்டு விட்டு, சொட்டு மருந்து டப்பாவால விடணும். அந்த லிக்விட் இல்லன்னா பசை மேலயே முத்து முத்தா நிக்கும், கீழ எறங்காது. நெல்லு வயலுக்கு பத்தமடையில பாய் நெய்யுற அக்கா ஒருத்தி கழிச்ச கோரைய ஒரு கட்டு குடுத்தா, கிழிச்சு நட்டா அப்படியே கருது மாதிரி நிக்குது.

பனை மரம் மட்டும் எனக்கு திருப்தியே இல்ல. எல்லாரும் மரத்த குட்டையா செய்தாவ. 60 அடி பனைன்னா மாடல்ல 21 சென்டிமீட்டர், ஒரு ஜாண் உசரம், என்ஜின் அதுக்கு அடியில பொடிசா தெரியணும். சார் செஞ்சதெல்லாம் விரல் உசரம். பனங்கன்னா சார்னு கேட்டேன். இப்போ கடைசல் அண்ணாச்சி கறுப்பு சாயம் போட்டு தண்டு கடைஞ்சு தாராவ, ஓலை நான் பேப்பர்ல வெட்டுதேன். பொதிகை மலைக்கு சுவர்ல என்ன கலர் அடிக்கன்னு அடுத்த சண்டை நடந்துக்கிட்டு இருக்கு. ஆனி மாசச் சாரல்னு வச்சா நீலமும் சாம்பலும்தான், பச்சை அடிச்சா குத்தாலம் சீசன் போஸ்டர் மாதிரி ஆயிரும்னு நான் சொல்லுதேன், யாரும் கேக்கல.

பக்கத்து வீட்டு அத்தை வந்து எட்டிப் பாத்துட்டு, "இவளுக்கு கோட்டி பிடிச்சிட்டா"ன்னு உங்க அப்பாட்ட கேட்டாவளாம். போன வாரம் பேரனையும் கூட்டிட்டு வந்து ஒரு மணி நேரம் நின்னுட்டு போறாவ.

நீ ஸ்டுட்கார்ட்டுக்கு வந்து ஆறு மாசம் இருன்னு கூப்பிடுத, தெரியாம இல்ல. வாரேன், ஆனா வைபி ஓடட்டும். இப்போ பாதியில விட்டுட்டு வந்தா சார் பாலத்துல ஆறு கண்ண அடைச்சிருவாவ. வந்தா என்ன கோப்பிங்கென் கூட்டிட்டு போ, உங்க ஊருக்கு பக்கந்தான, மார்க்ளின் கம்பெனி அங்கதான் இருக்கு, பாக்கணும்.

செட்டெல்லாம் வேண்டாம். பொங்கலுக்கு வரும்போது இது மட்டும் வாங்கிட்டு வா: ஹெச்ஓஎம், அதான் ஹெச்ஓ அளவுல மீட்டர் கேஜ், 12 மில்லி பிளெக்ஸி தண்டவாளம், உன்னால தூக்க முடிஞ்ச அளவு, அப்புறம் லைன் பிரியுற எடத்துக்கு பாயின்ட் ரெண்டு, ஒண்ணு எடது ஒண்ணு வலது, ரெண்டும் ஒரே பக்கம் வாங்கிறாத. ஜாய்னர் தகடு ரெண்டு பாக்கெட். காசு நான் அப்பாட்ட சொல்லி உன் அக்கவுன்ட்ல போடச் சொல்லுதேன், வேண்டாம்னு சொல்லாத, இது என் பென்ஷன் காசு. தண்டவாளம் ஒரு கெஜ நீளம் இருக்கும், சூட்கேஸ்ல போகாது, ஒரு பிவிசி பைப்புக்குள்ள சொருகி ரெண்டு பக்கமும் மூடி போட்டு கொண்டு வா. வளைச்சு துணிக்குள்ள திணிச்சிராத, ஒருக்கா மடங்குனா பொறவு நேராகாது.

அம்மா