டைனோசர் சலிக்கவில்லை, படம்தான் சலிக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் சினிமா பக்கத்தில் ஜுராசிக் படங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மக்களுக்கு அலுத்துவிட்டது என்பதெல்லாம் விமர்சகர்கள் கட்டிவிட்ட கதை, வசூலைப் பார்த்தாலே தெரியும் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். மொரீஷியஸிலிருந்து ஒரு வாசகியாக இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை, கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த வசூலையே பார்ப்போம். 2015-ல் வந்த 'ஜுராசிக் வேர்ல்ட்' உலகம் முழுக்கச் சுமார் 167 கோடி டாலர் வாரியது. 2018-ல் வந்தது 131 கோடி. 2022-ல் வந்தது 100 கோடியைத் தட்டுத்தடுமாறித் தொட்டது. 2025 ஜூலையில் வந்தது 90 கோடியைக்கூட எட்டவில்லை. இதற்கு நடுவில் டிக்கெட் விலை பொதுவாக ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை. பெரிய தொகைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கணக்கு எந்தப் பக்கம் போகிறது என்று கட்டுரையாளர் பார்த்தாரா?

டிக்கெட் வாங்கியவர் எல்லாம் ஆசைப்பட்டுத்தான் வாங்கினார் என்பது அடுத்த தப்பு. இந்தத் தீவில் ஜூலை என்றால் குளிர்காலம், மேட்டுப் பகுதியில் விடாத தூறல், பிள்ளைகள் வீட்டில் அடைந்து கிடந்து உயிரை எடுப்பார்கள். அத்தை, பாட்டி, ஆறு வயசுப் பொடியன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போக ஒரு படம் வேண்டும். பேய்ப் படத்துக்குப் போக முடியாது, பிரெஞ்சு நகைச்சுவைக்குப் போனால் பாட்டி தூங்கிவிடுவார். தமிழ்ப் படமா? நாங்கள் போன கொட்டகையில் அந்த வாரம் ஒன்று ஓடியது, ஆனால் ஒரே காட்சி, அதுவும் இரவு ஒன்பதரைக்கு, மற்ற நேரம் முழுக்க டைனோசருக்கு. வேறு வழியில்லாமல் வாங்கிய எங்கள் டிக்கெட்டும் அந்த வசூலில் சேர்ந்துதான் இருக்கும். வசூலை வைத்து விருப்பத்தை அளந்தால் இதுதான் வம்பு.

2025-ல் வந்த போன படத்தைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே பிரெஞ்சு பேசிக்கொண்டு, 'ரெனேசான்ஸ்' (மறுபிறப்பு) என்ற பெயரில் வந்தது. கதை எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா? உலகத்துக்கு டைனோசர் அலுத்துவிட்டதாம். நியூயார்க் நகரத்தில் நோய்வாய்ப்பட்ட நீள்கழுத்து டைனோசர் ஒன்று தெருவோரம் சாய்ந்து கிடக்கிறது, வண்டிக்காரர்கள் போக்குவரத்து நின்றுவிட்டதே என்று எரிச்சல்படுகிறார்கள். ஆட்கள் வராததால் ஓர் அருங்காட்சியகம் டைனோசர் கூடத்தையே கலைக்கிறது. அதாவது காசு கொடுத்து உள்ளே உட்கார்ந்திருக்கிற என்னைப் பார்த்து, உனக்கு அலுத்துவிட்டது என்று படமே சொல்கிறது. எனக்கு அலுக்கவில்லை ஐயா, அந்த நீள்கழுத்து ஏன் சாகிறது, அதற்கு என்ன செய்தார்கள் என்று பார்க்கத்தான் ஆசையாக இருந்தது. படம் அதைக் கடந்து வேறு தீவுக்குப் போய்விட்டது.

இது புதிதும் இல்லை. 2015 படத்திலேயே பூங்கா நடத்துகிறவர்கள் இதைத்தான் சொல்வார்கள்: சாதா டைனோசரை இப்போது யார் பார்க்கிறார்கள், இன்னும் பெரிசாக, இன்னும் பல் அதிகமாக வேண்டும் என்கிறார்கள். அதற்காகப் பல மிருகங்களின் மரபணுவைக் கலந்து ஒன்றைச் செய்கிறார்கள், அது தப்பித்துப் பூங்காவை நாசமாக்குகிறது. நல்ல கிண்டல் என்று அப்போது கொட்டகையே சிரித்தது. அப்புறம் என்ன ஆயிற்று? கிண்டல் செய்தவர்களே அந்தப் பூங்கா முதலாளியாகிவிட்டார்கள். 2018-ல் இன்னொரு கலப்பு மிருகம். 2022-ல் டைனோசர்களை ஓரங்கட்டிவிட்டு ராட்சத வெட்டுக்கிளிகள் (வெட்டுக்கிளியைப் பார்க்க யாராவது ஜுராசிக் படத்துக்குப் போவார்களா?). 2025-ல் கைகாலாக ஆறு முளைத்த, தலை வீங்கிய ஒரு ஜந்து. அதை அடைத்து வைத்திருந்த ஆய்வகம் எப்படிக் கெட்டதாம், ஒரு சாக்லேட் உறை பறந்து போய்க் கதவு இயந்திரத்தில் சிக்கியதாம்! பக்கத்தில் இருந்த என் அக்கா மகன், "சித்தி, அங்கே குப்பைத் தொட்டி இல்லையா?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

1993-ல் வந்த முதல் படம் 'ஜுராசிக் பார்க்'கை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம், டைனோசர் திரையில் வருவது மொத்தம் கால் மணி நேரம்தான். மிச்ச நேரம் முழுக்க நாம் காத்திருக்கிறோம். மழை இரவு, மின்வேலி செத்துவிட்டது, வண்டிக்குள் இரண்டு பிள்ளைகள், முன்னால் தண்ணீர் டம்ளர். அந்தத் தண்ணீரில் ஒரு வட்டம் விரிந்து அடங்குகிறது. அப்புறம் இன்னொன்று. மிருகம் இன்னும் வரவே இல்லை, ஆனால் கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கிட்டார் தந்தியைக் கட்டி, அதை மீட்டித்தான் அந்த வட்டத்தைக் கொண்டு வந்தார்களாம். அதே காட்சிக்குச் செய்த டி ரெக்ஸ் (ராட்சத வேட்டை டைனோசர்) பொம்மை மழைத் தண்ணீரைக் குடித்து எடை ஏறி, நிற்கச் சொன்னால் வெடவெடவென்று நடுங்கியதாம், ஒவ்வொரு இடைவேளையிலும் ஆட்கள் துண்டை வைத்துத் துடைத்துக் காயவைத்திருக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டதால், அதை எத்தனை நொடி காட்டலாம் என்று யோசித்துத்தான் காட்டினார்கள். இப்போது கணினி இருக்கிறது, கூட்டம் கூட்டமாக ஓடவிடலாம், யோசிக்கத் தேவையில்லை.

இதுவரை ஏழு படம் வந்திருக்கிறது. எங்கள் ஊர்க் கோவில்களில் காவடி முடிந்ததும் வாழை இலையில் ஏழு கறி பரிமாறுவார்கள், ஏழும் ஏழு ருசி. இவர்கள் ஒரே குழம்பை ஏழு கிண்ணத்தில் ஊற்றி, ஏழாவதில் மிளகாயை மட்டும் அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

நியாயமாகச் சொன்னால் போன படத்திலும் இரண்டு இடம் நன்றாக இருந்தது. உயர்ந்த புல்வெளியில் இரண்டு பெரிய நீள்கழுத்துகள் வாலோடு வால் பின்னி நிற்கிற இடம் ஒன்று, ஆற்றில் மிதவையில் போகிற குடும்பத்தை டி ரெக்ஸ் துரத்துகிற இடம் மற்றொன்று. இந்த ஆற்றுக் காட்சி 1990-ல் வந்த மூல நாவலிலேயே இருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் கழித்து அங்கிருந்து எடுத்ததுதான் இன்றைக்கும் ஆளைச் சீட்டு நுனிக்குக் கொண்டு வருகிறது, புதிதாகக் கலந்து செய்த ஜந்து அல்ல.

அழிந்துபோன மிருகம் என்றால் எங்களுக்குத் தூரத்து விஷயம் இல்லை. எங்கள் நாட்டுச் சின்னத்திலேயே டோடோ என்ற அழிந்துபோன பறவை நிற்கிறது, பாஸ்போர்ட் அட்டையிலும் அதுதான். 1598-ல் டச்சுக்காரர்கள் இறங்கினார்கள், பின்னாலேயே எலி, பன்றி, குரங்கு எல்லாம் வந்து சேர்ந்தன. 1662-க்குப் பிறகு டோடோவைப் பார்த்ததாக உறுதியான செய்தி கிடையாது. எங்கள் தலைநகர் போர்ட் லூயி அருங்காட்சியகத்தில் டோடோவின் எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. நூறு வருஷத்துக்கும் மேலாக முன்னால் எத்தியென் திரியூ என்ற முடிதிருத்துபவர் மலைப் பக்கம் தேடித் தேடிக் கண்டெடுத்தது, ஒரே பறவையின் எலும்புகளால் ஆன முழுக்கூடு உலகத்திலேயே அது ஒன்றுதான். ஓர் ஆள் இடுப்பளவு உயரம்கூட இருக்காது. அது உறுமாது, துரத்தாது. பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள், ஆசிரியர் கூப்பிட்டால்தான் நகர்வார்கள். அவர்களைப் பார்த்து யாராவது அலுப்பு என்று சொல்லட்டும்.

2023-ல் ஓர் அமெரிக்க நிறுவனம் டோடோவைத் திரும்பக் கொண்டு வரப்போகிறோம் என்று அறிவித்தது. அதன் நெருங்கிய உறவான நிக்கோபார் புறாவின் மரபணுவை வைத்து வேலை செய்கிறார்கள். பிறந்தால் அது டோடோவா, டோடோ மாதிரி இருக்கிற புறாவா, காடே மாறிப்போன தீவில் எங்கே விடுவது என்று இங்கே வாய் ஓயாமல் பேசுகிறோம். அதைவிட எனக்குப் பிடித்தது மொரீஷியஸ் வல்லூறு (கெஸ்ட்ரல்) என்ற சின்ன வேட்டைப் பறவையின் கதை. 1974-ல் காட்டில் நான்கே நான்கு இருந்தன. முட்டைகளை எடுத்துக் கையால் வளர்த்தார்கள், முட்டை போனதும் தாய்ப்பறவை மறுபடி முட்டையிடும், அப்படித்தான் ஒவ்வொன்றாகப் பெருக்கினார்கள். முட்டை பொரியுமா பொரியாதா என்று காத்திருந்தவர்களின் பயம் இருக்கிறதே, படம் எடுக்கிறவர்களுக்கு வேண்டிய கதை அதில்தான் இருக்கிறது. ஒரு மிருகத்தைப் பிழைக்க வைக்க எவ்வளவு கஷ்டம் என்பதை இந்த ஏழு படத்தில் எது உட்கார்ந்து காட்டியது? முதல் படத்தில் நோய்வாய்ப்பட்ட டிரைசெராடாப்ஸ் என்ற மூன்று கொம்பு டைனோசர் பக்கத்தில் மருத்துவர் உட்காருகிற காட்சி ஒன்று உண்டு. அப்புறம் வந்த படங்கள் அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த படம் எப்படியும் வரும், தடுக்க நம்மால் ஆகாது. முன்னோட்டத்துக்கு அரைப்பக்கம், முதல் வார வசூலுக்குக் கால்பக்கம் என்று ஒதுக்காமல், விமர்சனம் எழுதுகிறவரைக் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர்கள் பாப்கார்னைக் கீழே வைத்தார்கள், எந்த இடத்தில் கழிப்பறைக்கு எழுந்து போனார்கள் என்று எழுதட்டும். அப்படியே மொரீஷியஸில் தமிழ்ப் படத்துக்கு மத்தியானக் காட்சி ஏன் கிடைப்பதில்லை என்று யாரையாவது விட்டு ஒரு கட்டுரை போட்டால் ரொம்ப உபகாரம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்