கிரகணத்தன்று நான் காய்கூட நறுக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மகளிர் பக்கத்தில் கர்ப்பிணிகளுக்கான குறிப்புகள் என்று பத்துப் பன்னிரண்டு போட்டிருந்தீர்கள். அதில் ஏழாவது: "கிரகண நேரத்தில் கத்தி, ஊசி தொட்ட தாயின் பிழையைப் பிள்ளையின் கை சுமக்கும், விரல்கள் ஒட்டிப் பிறக்கும்." எழுதியவர் பெயர் இல்லை. ஆறாவது குறிப்பு இஞ்சிக் கஷாயம், எட்டாவது வெள்ளிக் கொலுசு துலக்குவது எப்படி. நடுவில் என் பிள்ளை.

ஆமாம், என் மகனுக்கு வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் நகம்வரை ஒட்டித்தான் இருந்தன. 2020 மார்ச்சில் பிறந்தான். கிரகணம் 2019 டிசம்பர் 26. அன்றைக்கு எனக்கு ஏழாம் மாதம். என் மாமியார் ஜன்னலுக்கெல்லாம் பழைய லுங்கியைக் கட்டி, என்னைக் கட்டிலில் நேராகப் படுக்கவைத்து, வயிற்றின்மேல் தர்ப்பையை வைத்து, மத்தியானம் தாண்டும்வரை ஒரு மடக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. முதுகு அரித்தது, சொறியவில்லை. காய் நறுக்கவில்லை, நூல் கோக்கவில்லை. இதற்குமேல் ஒரு மனுஷி என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்கள் மகளிர் பக்கம்தான் சொல்ல வேண்டும். பிள்ளை கையைப் பார்த்ததும் சொன்னார்களே, "தூக்கத்தில் புரண்டு படுத்திருப்பாள்" என்று!

எங்களுக்கு ஆபரேஷன் செய்த சயாமா (இங்கே பர்மாவில் பெண் டாக்டரை அப்படித்தான் கூப்பிடுவோம்) பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். கருவில் ஆறாவது வாரத்தில் கை என்பது ஒரு துடுப்பு மாதிரிதான் இருக்குமாம். அப்புறம் விரல்களுக்கு நடுவே உள்ள செல்கள் தானாக மடிந்து இடைவெளி விழும், எட்டாவது வாரம் முடிவதற்குள் விரல்கள் பிரிந்துவிடும். சில கருவில் அந்த வேலை பாதியில் நின்றுபோகிறது. 2000, 3000 பிறப்புக்கு ஒன்று இப்படி வருகிறதாம், அதிலும் நடுவிரல், மோதிரவிரல் ஒட்டுவதுதான் அதிகமாம். ஆகக் கணக்குப் போட்டால் என் பிள்ளையின் விரல் விவகாரம் ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. டிசம்பரில் வந்த ராகு நாலு மாதம் பின்னால் போய் விரலை ஒட்டவைத்துவிட்டு வந்தாரா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் மாமனாருக்குக் காலில் இரண்டாவது விரலும் மூன்றாவது விரலும் பாதிவரை ஒட்டித்தான் இருந்தன. அதை அந்தக் குடும்பத்தில் அதிர்ஷ்டம் என்பார்கள், ரங்கூனில் கடை வைத்து நின்றதே அந்தக் காலால்தான் என்பார்கள். பரம்பரையாகவும் வரும் என்று சயாமா சொன்னபோது என் மாமியார் கேட்காத மாதிரி சுவரைப் பார்த்தார். எதிர்வீட்டு பர்மியப் பாட்டி ஒருவர்தான் குழந்தையின் கையைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார். புத்தருடைய 32 லட்சணங்களில் வலை போன்ற கையும் உண்டாம். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, பிரசவித்த அந்த மாதத்தில் என் பிள்ளையைப் பார்த்து நல்ல வார்த்தை சொன்னவர் அவர் ஒருவர்தான். நம்மவர்கள் ஒருவரும் சொல்லவில்லை.

இந்த ஆபரேஷனை ஒன்று, ஒன்றரை வயதில் செய்வது வழக்கமாம். எங்களுக்கு முதலில் கொரோனா, அப்புறம் ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021. அந்த வருடங்கள் எப்படிப் போயின என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் இதழே எத்தனை மாதம் வரவில்லை. கடைசியில் 2023 மார்ச் கடைசியில்தான் நடந்தது, அவனுக்கு மூன்று முடிந்த பிறகு.

முதல் நாள் ராத்திரிக்குப் பிறகு பால் கூடாது. மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று மூன்று வயதுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவீர்கள்? விடியற்காலையிலிருந்து பால், பால் என்று என் கழுத்தைக் கடித்தான், கடித்த தடம் இரண்டு நாள் இருந்தது. விரலை நேர்க்கோடாக வெட்டிப் பிரிக்க மாட்டார்களாம், ரம்பப் பல் மாதிரி நெளிநெளியாகத்தான் வெட்டுவார்களாம். நேராக வெட்டினால் தழும்பு சுருங்கி, வளர வளர விரலை மடக்கி இழுத்துவிடும். பிரித்த பிறகு தோல் வேறு போதாது. ஒரே போர்வையில் இரண்டு பேர் சேர்ந்து படுத்தால் போதும், தள்ளிப் படுத்தால் போர்வை எட்டுமா என்று கேட்டார் சயாமா. அதனால் தொடை மடிப்பிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். மயக்கம் தெளிந்தபோது கண் திறந்திருந்தது, என்னை அடையாளம் தெரியவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு "அம்மா எங்கே" என்று அலறினான். கால் மணி நேரம் இருக்கும். உங்கள் ஏழாவது குறிப்பை எழுதியவர் அப்போது பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

விரலுக்குத்தான் ஆபரேஷன், மாவுக்கட்டு முழங்கைக்கு மேல்வரை. இல்லாவிட்டால் பிள்ளைகள் உருவிப் போட்டுவிடுவார்கள். ராத்திரியெல்லாம் கையைத் தலையணைமேல் தூக்கி வைத்து, கட்டுக்கு வெளியே தெரியும் விரல்நுனியை அமுக்கிப் பார்க்க வேண்டும், வெளுத்துத் திரும்பச் சிவக்கிறதா என்று. நீலமானாலோ சில்லிட்டாலோ அந்த நிமிஷமே ஓட வேண்டும். ஏப்ரல் மாத யாங்கோன் வெயிலில், கரண்டும் இல்லாமல், உள்ளே அரிக்கும் பிள்ளைக்கு நானும் என் கணவரும் முறைபோட்டு ஓலை விசிறியால் விசிறினோம். குச்சி விட்டுச் சொறியக் கூடாது என்பதால் அவனாகக் கண்டுபிடித்த வழி, கட்டால் சுவரில் இடிப்பது. ஒருநாள் பாட்டியின் தலையிலும் இடித்தான். (நான் திட்டவில்லை.)

அதற்குள் தின்ஜான், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா, வந்துவிட்டது. தெருவெல்லாம் தண்ணீர், இவன் மாவுக்கட்டின்மேல் ஒரு சொட்டு படக் கூடாது. மூன்றாவது மாடிப் பால்கனியில், கைக்கு மார்க்கெட் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்தினேன். கீழே பிள்ளைகள் வாளியோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றான், அழவில்லை.

சித்திரை ஒன்றாம் தேதி, ஏதோ ஒரு தைரியத்தில், தெருவில் தண்ணீர் ஊற்ற ஆரம்பிப்பதற்கு முன்பே கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். விபூதிக்கு இடது கையை நீட்டினான். வேறு எந்தக் கையை நீட்டுவான்? கொடுத்தவர் தட்டைப் பின்னால் இழுத்து, "சோத்துக் கையை நீட்டுடா" என்றார். சோத்துக் கை அவர் மூக்குக்கு நேரே மாவுக்கட்டில் தொங்குகிறது! பின்னால் வரிசையில் நின்ற அம்மா ஒருவர் பக்கத்திலிருப்பவரிடம், "கிரகணப் பிள்ளை" என்றார். மெதுவாகச் சொல்வதாக நினைத்திருப்பார். என் மகன் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அதன் பிறகு பத்துப் பதினைந்து நாள் வீட்டில் பிஸ்கட் கொடுத்தால்கூடக் கையை நீட்டவில்லை, வாயைத் திறந்தான்.

மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தார்கள். கன்றிப்போய், தையலும் பொருக்குமாக, பார்க்கவே பயமாக இருந்தது. அவன் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், இரண்டு விரலுக்கும் நடுவில் கண்ணை வைத்து என்னைப் பார்த்து "அம்மா, ஜன்னல்" என்றான். அப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் தேங்காய் எண்ணெய் போட்டுத் தழும்பை நீவினேன், ராத்திரி பட்டை கட்டினேன், சப்பாத்தி மாவைப் பிசைய விட்டேன். வளரும்போது விரல்களுக்கு நடுவே உள்ள தோல் மேலே ஏறி வந்தால் இன்னொரு தடவை செய்ய வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இப்போது ஐந்து முடிந்து பள்ளிக்கூடம் போகிறான், எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். என் பயமே அதுதான். இன்னும் இரண்டு வருடத்தில் உங்கள் இதழையும் படிப்பான்.

உங்களிடம் எனக்கு வேறு மனக்குறைகளும் உண்டு. இரண்டு வருடம் முன்னால் மாமனாரின் நினைவாஞ்சலியில் அவர் பெயருக்குப் பதிலாக வேறு யாரோ பெயரைப் போட்டு, கேட்டதற்கு "அடுத்த வருடம் சரியாகப் போடுகிறோம்" என்றீர்கள், சரி என்று விட்டுவிட்டேன். ராசிபலனுக்கு மூன்று பக்கம், பிள்ளைகளுக்கு எந்த மாதம் எந்தத் தடுப்பூசி என்று ஒரு வரி கிடையாது. திருவிழாச் செய்தியில் மாலை போட்டுக்கொண்டவர்கள் படம் மட்டும் வரும், மூன்று நாள் பாத்திரம் கழுவிய பெண்கள் வர மாட்டார்கள். இதெல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டது. ஏழாவது குறிப்பு அப்படியில்லை. அதை என் ஓரகத்தி கத்தரித்து என் மாமியாருக்குக் கொடுத்திருக்கிறாள், அவர் சாமி அலமாரியில் வைத்திருக்கிறார்.

அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், அந்தக் குறிப்பு தவறு என்று இரண்டு வரி போடுங்கள். போதும். அலமாரியில் அதன்மேல் ஒட்டிவிடுகிறேன். வருடச் சந்தாவை வழக்கம்போல் என் கொழுந்தனாரிடம் கொடுத்தனுப்புவேன், இந்தத் தடவை அந்த இதழைப் பார்த்த பிறகு.

இப்படிக்கு,
தாம்வே வாசகி ஒருத்தி,
யாங்கோன்