சொல் ஏணிக்கு விதியையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சிறுவர் பகுதியில், ஒரு சொல்லைப் படிப்படியாக மாற்றி வேறொரு சொல்லாக்கும் சொல் ஏணிப் புதிர் போடும்போது விதியையும் தெளிவாகத் தாருங்கள். ஒரு படிக்கு ஓர் எழுத்தே மாறலாம், வரிசை கலையக்கூடாது. 'கா' ஓர் எழுத்துதான். எனவே 'கல்' என்பது 'கால்' ஆவது ஒரே படி.

'மரம்' என்பதைக் 'கடல்' ஆக்க ஒரு வழி: மரம், மடம், மடல், கடல். மூன்று எழுத்தும் வேறு என்பதால் மூன்று மாற்றத்துக்குக் குறையாது. ஆனால் மரம், கரம், கடம், கடல் என்றும் ஏறலாம். அச்சிட்ட விடையை மட்டும் ஏற்பது, சரியாகப் போட்ட பிள்ளைக்கு அநீதி.

பெரும்பாலும் சிக்குவது கடைசி எழுத்தில்தான். 'ம்' முடிவிலிருந்து 'ல்' முடிவுக்குத் தாண்ட, மடம்–மடல் போன்ற இணை வேண்டும். புதிர் அமைப்பவர் அந்த இணையை முதலில் பிடித்து, இரு பக்கமும் சொற்களை வளர்க்கலாம். தீர்ப்பவரும் இரு முனையிலிருந்தும் நடுவை நோக்கி வரட்டும். படிகளின் எண்ணிக்கையையும் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்