காது டாக்டர்களுக்கு: சீட்டில் இன்னொரு வரி

மதிப்பிற்குரிய காது மூக்கு தொண்டை மருத்துவர்களுக்கு,

வணக்கம். "காதுக்குள்ள மாவு மில்லு ஓடுதுடி" என்று அம்மா சொன்னபோது முதலில் சிரித்துவிட்டேன். ராத்திரி படுத்தால் நாடி துடிக்கிற அதே தாளத்தில் இரைச்சல். பிறகு, குனிந்து கோலம் போட்டு நிமிர்ந்தாலே தலை கிர்ரென்று சுற்றியது. அம்மாவுக்கு வயது 46.

உங்களில் ஒருவரிடம் போனோம். காதில் அழுக்கு எடுத்தார். காது கேட்கும் திறனைப் பார்க்கும் ஆடியோகிராமில் இடது காது மந்தம் என்று வந்தது. சுற்றலுக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் என்றார். நரம்பு மாத்திரை, கழுத்துப் பட்டை என்று நாலு மாதம் ஓடியது. கர்ப்பப்பைக் கட்டிக்காக வேறோர் இடத்தில் ரத்தம் எடுத்தபோதுதான் தெரிந்தது, ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டுமாம்.

உங்களுக்குத் தெரியாததையா சொல்லப்போகிறேன்? உட்காதுக்கு ரத்தம் கொண்டுபோவது ஒரே ஒரு மெல்லிய தமனி. அது தடுமாறினால் கைகொடுக்க வேறு பாதை இல்லை. ஒலியை வாங்கும் நத்தைச் சுருளும், நம்மை விழாமல் நிற்கவைக்கும் அரைவட்டக் குழல்களும் அதை நம்பியே இருக்கின்றன. ரத்தசோகையில் இதயம் ரத்தத்தை வேகமாகத் தள்ளுகிறது. அம்மா கேட்ட மில்லுச் சத்தம் அதுதான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளை அலசிய ஆய்வொன்று 2016 கடைசியில் வெளிவந்தது. இரும்புச்சத்துக் குறைந்து ரத்தசோகை வந்தவர்களிடம் நரம்புசார் கேள்திறன் இழப்புக்கான (உட்காதோ கேள்நரம்போ பழுதாகி வரும் மந்தம்) வாய்ப்பு விகிதம் மற்றவர்களைப்போல் 1.82 மடங்கு. "தொடர்புதானே, காரணம் என்று நிரூபணமாகவில்லையே" என்பீர்கள். சரிதான். மாத்திரை போட்டால் போன காது திரும்பும் என்று நானும் சொல்லவில்லை. கட்டிக்கு வைத்தியம் பார்த்து, இரும்பு மாத்திரை போட்டும் அம்மாவின் இடது காது திரும்பவில்லை. இரைச்சலும் சுற்றலும் மூன்றாம் மாதத்தில் அடங்கின.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. உங்கள் அறைக்கு வெளியே டோக்கனோடு உட்கார்ந்திருப்பவர்களும் அவர்கள்தான். இரைச்சல், சுற்றல் என்று வந்தால் ஆடியோகிராமுக்குக் கீழே ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் என்று எழுதுங்கள். ஹீமோகுளோபின் இறங்கும் முன்பே உடம்பில் இரும்பு இருப்பு கரைவதை ஃபெரிட்டின் காட்டிவிடும். அப்படியே மாதவிலக்கு எப்படிப் போகிறது என்றும் கேளுங்கள். காது டாக்டர் இதைக் கேட்கலாமா என்ற கூச்சம் வேண்டாம்.

மாதவிலக்கைப் பற்றி நீ ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். காதைக் காட்டப் போன இடத்துல அதை நானா எப்படிடி சொல்றது?"

இப்படிக்கு,
ஒரு மகள்