கடைக்கால் தோண்டும் முன் கம்பம் எத்தனை என்று சொல்லுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மின்வாரியப் பிரிவு அலுவலகங்களில் பணிபுரியும் உதவிப் பொறியாளர்களுக்கு,

ஐயா, அம்மா, வணக்கம்.

நம் பக்கத்து ஊர்ப் பெயர்கள் உங்களுக்கே தெரியும். அள்ளி என்று முடியாதது பெரும்பாலும் கொட்டாய் என்று முடியும். காட்டுக்குள், அதாவது விவசாய நிலத்துக்குள், தள்ளித் தள்ளி இருக்கும் வீடுகளைத்தான் கொட்டாய் என்கிறோம். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தாலும் இந்த வழக்கம் மட்டும் பிரியவில்லை. ஊருக்குள் தெருவில் வீடு இருந்தாலும், கிணற்றையும் மாட்டையும் விட்டுத் தள்ளி இருக்க முடியாமல் அவரவர் காட்டிலேயே வீடு கட்டிக்கொள்கிறோம். நாங்களும் போன வருடம் ஊருக்குள் இருந்த வீட்டைக் கொழுந்தனாருக்கு விட்டுவிட்டுக் காட்டில் கட்ட ஆரம்பித்தோம்.

கல், கம்பி, எம்-சாண்ட், கொத்தனார் கூலி எல்லாவற்றுக்கும் நோட்டுப் போட்டு எழுதினோம். கரண்டு விஷயத்தை மட்டும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். கரண்டு என்பது பெயிண்ட் அடித்த பிறகு வருவது என்ற நினைப்பு எங்கள் பக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் கம்பி வெட்டுவதற்கு, வைப்ரேட்டர் ஓட்டுவதற்கு, போட்ட தளம் காயாமல் தண்ணீர் கட்டுவதற்கு என்று முதல் வாரத்திலிருந்தே அது வேண்டும்.

பேஸ்மட்டம் முடிந்த பிறகுதான் தற்காலிக இணைப்பு கேட்டு அலுவலகத்துக்குப் போனோம். சர்வீஸ் ஒயர் இழுக்கும் தூரத்தில் கம்பமே இல்லை, லைனை நீட்ட வேண்டும், இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். நியாயமான பதில்தான். ஆனால் பார்க்க ஆள் வருவதற்குள் லிண்டல் மட்டம் ஏறிவிட்டது. வந்து பார்த்தபோது நான்கு கம்பம் வேண்டும் என்று தெரிந்தது, அதில் ஒன்று எங்கள் பங்காளி மாமாவின் தக்காளித் தோட்டத்தில் விழுந்தது. கொடி கட்டி, பூ வைத்திருந்த நேரம். காய் பறித்து முடியும் வரை குழி எடுக்க விடமாட்டேன் என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அப்புறம் நாங்கள் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். கிணற்று மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுத்தோம். விவசாயத்துக்கென்று அரசு இலவசமாகத் தரும் மின்சாரம் அது. வேறு வேலைக்கு எடுத்தால் மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி இரண்டு மடங்கு கட்டணம் போடுவார்கள் என்பதும் என் வீட்டுக்காரருக்குத் தெரியும். தெரிந்தும் இழுத்தோம். நானூறு அடி ஒயர், நடுவில் மூன்று ஜாயிண்ட். வேலி மேல் போட்டு, வேப்பமரக் கிளையில் மாட்டி, கடைசி முப்பது அடி தரையில் கிடந்தது.

கார்த்திகை மாதம் ஒரு காலை, தளத்துக்குத் தண்ணீர் விட மோட்டாரைப் போட்டிருந்தோம். ராத்திரி பெய்த மழையில் மணல் ஊறிக் கிடந்தது. ஜாயிண்டில் சுற்றியிருந்த டேப் கல்லில் உரசிப் பிரிந்திருந்ததை யாரும் பார்க்கவில்லை. தலையில் செங்கல்லோடு வந்த சித்தாள் அக்கா அந்த ஈர மணலில் காலை வைத்தார். செங்கல் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கொத்தனார் ஓடிப்போய்ப் பீஸைப் பிடுங்கினார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு வாரம் அவர் வலது கையைத் தூக்க முடியாமல் இருந்தார். கேட்டால் "ஒண்ணும் இல்ல கண்ணு" என்றே சொன்னார். இன்றும் அந்த இடத்தைத் தாண்டும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. அது எங்கள் தவறு, வேறு யார் மேலும் அதைப் போட மாட்டேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல். தக்காளி முடிந்ததும் பொறியாளர் ஒருவர் மறுபடி வந்தார். இந்த முறை என் வீட்டுக்காரரையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு வரப்பு மேலேயே நடந்தார். ஓரிடத்தில் நின்று, கையிலிருந்த குடையைத் தரையில் ஊன்றி, "கம்பத்தை இந்த வரப்பு முக்குக்கு எடுத்துக்கலாம், கம்பம் சாயாம இழுத்துக் கட்டுற ஸ்டே கம்பியை உங்க பக்கம் இறக்கிக்கலாம், அவர் நிலத்துல ஏர் ஓட்ட இடைஞ்சல் இருக்காது" என்றார். மாமா அங்கேயே சரி என்றார். மொத்தம் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் கடைக்கால் தோண்டும் முன்னால் கிடைத்திருந்தால் நாங்கள் கிணற்று ஒயரைத் தொட்டிருக்கவே மாட்டோம்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். காட்டில் வீடு கட்டப்போகிறேன் என்று ஒருவர் வந்தால், சுவர் எழும்பும் வரை காத்திருக்காமல், வெறும் நிலமாக இருக்கும்போதே ஒருமுறை வந்து நடந்து பாருங்கள். கம்பம் எத்தனை, எந்த வரப்பு, யார் நிலம், ட்ரான்ஸ்பார்மர் லோடு தாங்குமா, எவ்வளவு கட்ட வேண்டும் என்று தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். விண்ணப்பித்த ஒரு மாதத்துக்குள் இணைப்பு தரவேண்டும் என்று 2003ஆம் வருட மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு சொல்கிறது. லைன் நீட்ட வேண்டிய இடத்துக்கு அந்த ஒரு மாதம் பொருந்தாது, அதற்குக் கூடுதல் அவகாசம் உண்டு. எங்கள் கொட்டாய்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். கூடுதல் நாள் ஆகும் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ப நாங்கள் வேலையைத் தள்ளிவைப்போம்.

சீக்கிரம் வந்தால் வேறு சிக்கலும் தீரும். மேலே 11 கேவி, அதாவது 11,000 வோல்ட் லைன் போகிற நிலமாக இருந்தால் வீட்டுக்கும் லைனுக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும். சுண்ணாம்புக் கோடாக இருக்கும்போது வீட்டை ஐந்தடி நகர்த்திக்கொள்ளலாம். மாடி எழுப்பிய பிறகு நகர்த்த முடியாது.

கம்பத்தைக் குறைக்கச் சொல்லி நாங்களும் உங்களிடம் கெஞ்சியிருக்கிறோம், நான்குக்கு மூன்று போதாதா என்று. கம்பம் குறைந்தால் கம்பி தொய்யும், வைக்கோல் ஏற்றிய டிராக்டர் போக முடியாது என்று அந்தப் பொறியாளர் விளக்கினார். 2023 மார்ச்சில் கம்பைநல்லூர் பக்கம் ஏரிக்கரை ஏறிய யானை மின்கம்பியில் பட்டுச் செத்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். உயரத்தில் சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். எங்களைத் திட்டியாவது நான்கையே போடுங்கள்.

தற்காலிக இணைப்பு கொடுக்கும்போது அந்த போர்டில் மின்சாரம் கசிந்தால் தானாகவே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி. மாட்டியிருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். வீட்டில் யாரும் குடியேறும் முன்பே அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பவர்கள் சித்தாள்கள்தான். எர்த் விஷயத்தில் நம் மண்ணின் கஷ்டமும் உங்களுக்குத் தெரியும், நான்கடியில் பாறை தட்டிவிடும். பைப் எட்டடிக்கு மேல் இறங்க வேண்டும். எங்கள் எலக்ட்ரீசியன் தம்பி நிலம் முழுக்கக் கடப்பாறையால் குத்திப் பார்த்து, கடைசியில் துணி துவைக்கும் கல் பக்கம் இடம் பிடித்தார். அங்கே மண் ஆழம் இருந்தது, தண்ணீர் போய்க்கொண்டே இருப்பதால் குழியும் காயாது. இப்படிப்பட்ட இடத்தைக் காட்டிக்கொடுக்க அனுபவம் உள்ள கண் வேண்டும், உங்கள் லைன்மேன்களுக்கு அது இருக்கிறது.

எங்கள் பங்குக்குச் செய்யக்கூடியதும் உண்டு. லைன் போகும் வழியில் முள்ளை வெட்டித் தருவோம், பாறையில் குழி எடுக்கக் கம்ப்ரசர் வண்டியைக் கூட்டி வருவோம், பக்கத்து நிலத்துக்காரரிடம் நீங்கள் வரும் முன்பே பேசி வைப்போம். ஆட்கள் குறைவு, ஒரு பிரிவுக்கு எத்தனையோ ஊர் என்பதும் தெரியும். அதனால்தான் முதலிலேயே ஒரே நடை நடந்துவிடச் சொல்கிறேன்.

வருகிற தை மாதம் என் நாத்தனார் எங்கள் காட்டுக்குக் கிழக்கே கடைக்கால் போடுகிறார். நடுவில் இரண்டு பேர் நிலம் இருக்கிறது, இரண்டு பேரும் இப்போது எதுவும் விதைக்கவில்லை. விண்ணப்பம் இந்த வாரமே உங்கள் மேசைக்கு வரும். பொங்கலுக்கு முன் ஒருநாள் வாருங்கள், வரப்பில் கூட நடக்க நாங்கள் எல்லோரும் இருப்போம்.

இப்படிக்கு,
தருமபுரி மாவட்டத்துக் கொட்டாய் ஒன்றிலிருந்து ஒரு குடும்பத்தலைவி