தொன்லே சாப் கரையில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

பள்ளித் தோழிகளோடு சேவைப் பயணமாக நீ கம்போடியாவின் சியெம் ரீப்புக்குப் போய் இன்றோடு எட்டு நாள் ஆகிறது. மூன்றாம் நாள் இரவு நீ அனுப்பிய நீண்ட செய்தியை நானும் அம்மாவும் பலமுறை படித்துவிட்டோம். அம்மா அதை அத்தைக்கும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினாள். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து வந்ததெல்லாம் "நலம்" என்ற ஒரு சொல்தான். கிராமத்தில் தொடர்பு சரியாகக் கிடைப்பதில்லை என்று உன் ஆசிரியர் பெற்றோருக்கு முன்பே சொல்லியிருந்தார். ஆனால் உன்னோடு தங்கியிருக்கும் தோழி நாள் தவறாமல் வீட்டுக்குப் பேசுகிறாள் என்று அவள் அம்மா சொன்னபோது, மேற்கொண்டு எதையும் கேட்க எனக்கு நா எழவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாதையை விட்டு இறங்காதே. 1979க்குப் பிறகு கண்ணிவெடிகளாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் அந்த நாட்டில் ஏறத்தாழ 20,000 பேர் உயிரிழந்திருக்கிறார்கள். நீங்கள் இருப்பது பாதுகாப்பான ஊர் என்று கூட்டத்தில் உறுதி கூறினார்கள். இருந்தாலும் படம் எடுப்பதற்காக வயலுக்குள்ளோ புதருக்குள்ளோ கால் வைக்காதே. கொதிக்க வைத்த தண்ணீரை மட்டும் குடி. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள். அங்கும் டெங்கி உண்டு.

பள்ளிக்கூடப் பலகையில் இருந்த எழுத்துகள் நமக்குத் தூரத்து உறவு போலத் தெரிந்ததாக எழுதியிருந்தாய். உறவுதான். பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்ததே கெமர் எழுத்து; ஆண்டு பொறித்த கெமர் மொழிக் கல்வெட்டுகளில் மிகப் பழையது கி.பி. 611ஆம் ஆண்டைச் சேர்ந்தது. யாரும் சொல்லித் தராமலே உன் கண் அதைக் கண்டுகொண்டது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! அதே செய்தியில், நாற்றம் தாங்காமல் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்ததாகவும் எழுதியிருந்தாய். அது சரியில்லை அம்மா. மழைக்காலத்தில் மீகோங் ஆற்று வெள்ளம் ஏறி நிறைந்த தொன்லே சாப் ஏரி, இந்த மாதங்களில்தான் ஆற்றை நோக்கித் திரும்பி வடியும். அப்போது அள்ளும் சிறு மீன்களை உப்பிட்டுப் புளிக்க வைக்கும் ப்ராஹோக்தான் அந்த வீட்டாருக்கு ஆண்டு முழுவதும் சோற்றுக்குத் துணை. அப்பாயி வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்கு நீ மூக்கைப் பொத்தியதை அப்பாயி கடைசி வரை மறக்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது வேறொரு பகுதியை. நீங்கள் எட்டுப் பேர் பகல் முழுவதும் நின்று கட்டிய கழிவறைச் சுவரை, நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் ஊர்க் கொத்தனார் பிரித்துவிட்டு முதலிலிருந்து கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாய். மறுநாள் விடியற்காலையில், இடம் கொடுத்த பாட்டி உன் செருப்பில் படிந்திருந்த சேற்றைக் கழுவி வாசலில் வைத்திருந்தார் என்றும், அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது என்றும் எழுதியிருந்தாய்.

நீங்கள் பொருத்தப்போகும் மணல் வடிகட்டியைப் பற்றியும் தேடிப் படித்தேன். மணலின் மேற்பரப்பில் கிருமிகளை அழிக்கும் உயிர்ப்படலம் ஒன்று படிய வேண்டுமாம். அது முதிர ஒரு மாதம் வரை ஆகலாம். அதுவரை வீட்டார் நாள்தோறும் தண்ணீர் ஊற்றி அதை வளர்க்க வேண்டும். உங்கள் பயணமோ 14 நாள். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று உனக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

புறப்படுவதற்கு முந்தைய இரவு, பயணச்சீட்டை அச்சிட என் மடிக்கணினியைத் திறந்தாய். உன் பெயரிட்ட கோப்பு ஒன்று அதில் இருந்தது. உபகாரச் சம்பள விண்ணப்பத்துக்காக, நீ எழுதுவதைப் போலவே, நீ அந்த மண்ணில் கால் வைப்பதற்கு மூன்று வாரம் முன்பே நான் எழுதி வைத்த கட்டுரை அது. நீங்கள் வைத்த வடிகட்டியிலிருந்து கடைசி நாளன்று குழந்தைகள் சுத்தமான தண்ணீர் குடித்துச் சிரித்ததாகவும், அந்தச் சிரிப்பு உன் வாழ்க்கையை மாற்றியதாகவும் அதில் எழுதியிருந்தேன். நீ அதைப் படித்தாயா என்று விமான நிலையத்தில் கேட்க வாயெடுத்தேன். அம்மா அருகில் இருந்ததால் கேட்கவில்லை. அவளுக்கு இன்னும் தெரியாது.

உன் வயதில் ஒரு நேர்காணலில், பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய் என்று என்னைக் கேட்டார்கள். விடியற்காலையில் இங்கே சிங்கப்பூர்த் தேக்காவில் மாமா கடையில் காய்கறி மூட்டை இறக்கியதைச் சொல்ல வெட்கப்பட்டு, ஒன்றும் செய்யவில்லை என்றேன். உன் விண்ணப்பத்தில் அப்படி ஒரு வெற்றிடம் இருக்கக் கூடாது என்ற பயம் எனக்கு வெகு நாளாகவே உண்டு. அதற்காக, நீ பார்க்காத முகங்களையும் படாத உணர்ச்சிகளையும் உன் பெயரில் நான் எழுதியிருக்கக் கூடாது. என் கட்டுரையில் கொத்தனாரும் இல்லை, செருப்பைக் கழுவும் பாட்டியும் இல்லை. என்னை மன்னித்துவிடு.

கோப்பை நேற்றிரவு அழித்துவிட்டேன். விண்ணப்பத்தில் அந்தப் பகுதியை நீ எழுதினாலும் சரி, எழுதாமல் விட்டாலும் சரி, நான் ஒன்றும் கேட்க மாட்டேன். செங்கல் மட்டம் தவறியதாலா, கலவையில் தண்ணீர் கூடியதாலா, கொத்தனார் எதற்காகச் சுவரைப் பிரித்தார் என்பதை மட்டும் அவரிடம் கேட்டு வந்து எனக்குச் சொல். அம்மா பையில் வைத்த கோடாலித் தைலத்தைப் பாட்டிக்குக் கொடு. தட்டில் வைப்பதைச் சாப்பிடு. பாதையை விட்டு இறங்காதே.

இங்கு இரவு பத்து மணி என்றால் அங்கு ஒன்பது. நான் பன்னிரண்டு வரை விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா